நைனாவின் இலையில் என்ன வைப்பது

1

எங்கள் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகக் கம்பெனியிலிருந்து போன செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் எனக்குத் தபாலில் நல்ல செய்தி எதுவும் வந்ததாக ஞாபகமில்லை. உறையைப் பிரித்தால் தலைப்பிலேயே ஒரு சொல், எங்கள் ஊர்ப் பக்கத்துச் சூளூர்பேட்டையில் நிற்கும் கூட்ஸ் வண்டி மாதிரி பெட்டி பெட்டியாகக் கோத்து நீளமாக நின்றது. என் ஜெர்மன் அதைத் தாண்டும் அளவுக்கு இல்லை. பதினான்கு வயது மகள் அனுவைக் கூப்பிட்டேன்.

அவள் நின்றபடியே படித்தாள். "நாத்தத்தால அடுத்தவங்களுக்குத் தொல்லை கொடுக்கிறதாம். நம்ம மேல கம்ப்ளெயிண்ட். நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டாவது மாடியிலிருந்து அழுகிய பொருளின் நாற்றம் படிக்கட்டு முழுக்கப் பரவியதாம். பதினான்கு நாளுக்குள் நான் எழுத்தில் இரண்டு விளக்கம் கொடுக்க வேண்டுமாம். ஒன்று, நாற்றத்துக்குக் காரணம். இரண்டு, அது மீண்டும் நிகழாமல் இருக்க நான் எடுக்கும் நடவடிக்கை.

புகார் கொடுத்தவர் பெயர் இல்லை. கீழ்வீட்டு அம்மாள்தான், வேறு யார்? அவர் நாய் மழையில் நனைந்து வந்து படிக்கட்டில் உதறிவிட்டுப் போகும் வாடையைப் பதினோரு வருஷமாக என் மூக்கு சுமக்கிறது. நான் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கீழ்வீட்டு அம்மாள் மேல் வந்த அருவருப்பு ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அதைவிடப் பெரிய அருவருப்புகள் மூன்று வாரமாக எனக்குள் வரிசை கட்டி நின்றன. ஊரில் இருக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் தம்பியும் படிக்கட்டும்.

2

மூன்று வாரத்துக்கு முன்னால் தம்பி ரத்தினம் கூப்பிட்டான். நைனாவுக்கு முதல் வருஷத் தெவசம் வருகிறது. ஆந்திர எல்லைக்குள் தமிழ் பேசும் எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரத்தினம் எங்கள் ஊரிலிருந்து கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் வைத்திருக்கிறான். முதலில் ஒன்று ஓட்டினான், இப்போது ஆறு ஓடுகிறது. அதனால் அவனுக்குக் கட்சி ஆட்களைத் தெரியும். அவர்களுக்கும் அவனைத் தெரியும்.

"அக்கா, ஃப்ளெக்ஸ் டிசைன் அனுப்பிகீறேன், பாரு. வரதய்யபாளையம் கூட்ரோட்டுல வெக்கிறோம். தெலுங்குலயும் போட்டுகீறோம், தமிழ்லயும் போட்டுகீறோம்."

பார்த்தேன். கழுத்துக்கு மேலே நைனா. கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் மாட்டிய வேறு எவனோ. பின்னால் திருப்பதி ஏழுமலை, மேலே இரண்டு தலைவர்களின் சிரிப்பு. கீழே எழுத்து: 'கடும் உழைப்பாளி! குடும்பமே உயிரென வாழ்ந்த உத்தமர்!'

"நைனா எப்படா கோட்டு போட்டாரு?"

"வேற போட்டோவே இல்லக்கா. நெலத்து பாஸ்புக்குல ஒட்டின ஒண்ணுதான் கீது. அத்த வெச்சிகினு ஸ்டுடியோக்காரன் இன்னா பண்ணுவான்? செத்தவங்க எல்லாருக்கும் இந்தக் கோட்டுதான் போட்றான்."

 எழுபத்தோரு வருஷம் வாழ்ந்த மனுஷனின் உடம்பை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. சேற்றில் நின்று நின்று வெடித்துப்போன அந்தக் காலும், மண்வெட்டிப் பிடியின் அளவுக்கே வளைந்து நின்றுவிட்ட அந்த விரல்களும் எந்தப் படத்திலும் இல்லை. அந்த உத்தமர் என்ற சொல்லை வழியில் போகிற யார் தலைக்குக் கீழே வேண்டுமானாலும் ஒட்டலாம். ஸ்டுடியோக்காரனின் கோட்டு மாதிரி அதுவும் எல்லாருக்கும் பொருந்தும்.

அதோடு விட்டானா? படையலுக்கு என்னென்ன என்று படித்தான். பிரியாணி, கோழி வறுவல், ஒரு குவார்ட்டர் பிராந்தி, ஒரு சிகரெட் பாக்கெட்.

"டேய், நைனா குடிக்கவே மாட்டாரேடா. பீடி கூட புடிக்க மாட்டாரு."

"எல்லாரும் வெக்கிறதுதானக்கா. வெக்கலன்னா எலை காலியா தெரியும். வரவங்க இன்னா நெனைப்பாங்க?" அப்புறம் சலிப்போடு கேட்டான். "செரி, நீ பெரியவ. நீயே சொல்லு. நைனாக்கு இன்னா புடிக்கும்?"

எனக்கும் தெரியவில்லை. 

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெவசத்தன்று செத்தவருக்குப் பிடித்த சாப்பாட்டை இலையில் வைத்துக் கும்பிடுவோம். அன்று அவர் சாப்பிட வருகிறார். பிடித்தது இல்லையென்றால் இலையைப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பிவிடுவார். மற்ற சடங்குகளில் எது தப்பினாலும் பெரியவர்கள் சும்மா இருப்பார்கள். இதில் மட்டும் தப்பக்கூடாது.

பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர், ஆந்திராவிலிருந்து ஜெர்மனிக்கு போனைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் முழித்தோம்.

3

அவருக்கு எங்களைத் தெரியும். எனக்கு நுங்கு என்றால் உயிர். அதிலும் முற்றினதைத் தொடமாட்டேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இளசாகப் பொறுக்கி, ஓலையில் பொதிந்து கொண்டுவருவார். ரத்தினத்துக்குக் குழம்பில் முட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டைத் தள்ளுவான். அம்மாவுக்குக் கும்பகோணம் வெற்றிலைதான் ஆகும், உள்ளூர் வெற்றிலை காரும். இதெல்லாம் அவர் தலையில் பட்டா நம்பர் மாதிரி பதிந்திருந்தது.

அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே குறைவு. விடியும்போது மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டு, பாலைக் கறந்து ஊற்றிவிட்டு, கழனிக்குப் போய்விடுவார். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல், மேட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. மல்லாட்டை பிடுங்கும் நாளில் ஆள் கிடைக்காவிட்டால் தனியாகவே குந்திப் பிடுங்குவார். சாயங்காலம் வந்தால் முதலில் "புள்ளைங்க துன்னாங்களா?" என்பார். நாங்கள் சாப்பிட்டு மிச்சம் எது இருக்கிறதோ அதைச் சாப்பிடுவார். முட்டை மிச்சம் இருக்காது, குழம்புதான் இருக்கும். நல்லா இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. அதை நாங்கள் அவருடைய சுபாவம் என்று எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு வசதியாகத்தானே இருந்தது.

அவர் இறந்தபோது நான் போகவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது என்பது ஒரு காரணம். பிறகு ரத்தினம் வாரிசுச் சான்றிதழுக்கு என் கையெழுத்து வேண்டுமென்று காகிதங்கள் அனுப்பினான். அதை எடுத்துக்கொண்டு இங்கே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் காகிதங்களைப் புரட்டினாள். நான் பிறந்தது சித்தூர் மாவட்டம், அப்பா இறந்தது திருப்பதி மாவட்டம். குடும்பம் எந்த வருஷம் குடிபெயர்ந்தது, அதற்குச் சான்று எங்கே என்றாள். நாங்கள் குடிபெயரவில்லை, அதே வீடு, அதே திண்ணைக்கல், அரசாங்கம்தான் மாவட்டத்தைப் பிரித்துக்கொண்டது என்றேன். அதற்கும் சான்று கேட்டாள். என் ஜெர்மனில் 'மாவட்டம் பிரிந்தது' என்பதற்குப் பதிலாக 'மாவட்டம் விவாகரத்து செய்துகொண்டது' என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். அவள் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். நைனா இறந்து ஒன்பதாவது நாள் அது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

தெவசத்துக்கும் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். நான் லீவே கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

4

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா ரத்தினத்தின் வீட்டில் ஒரு ஏசி அறையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள்.

"ம்மா, நைனாக்கு இன்னா புடிக்கும்?"

"அத்த இப்ப கேக்கிறியா?"

"எலையில வெக்கணும்மா. சொல்லு."

"எது போட்டாலும் துன்னுவாரு. அவன் இன்னாவோ வெக்கட்டும், வுடு."

"உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்ல மாட்டன்ற."

அம்மா போனை வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டேன், மழை வரவில்லை என்றாள். அதற்கு மறுநாள் கூப்பிட்டேன். "நைனா பசியோட திரும்பிப் போனாருன்னா அந்தப் பாவம் உன்னுதுதான்" என்றேன். சொல்லக்கூடாத வார்த்தைதான். வேறு வழி தெரியவில்லை.

 அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

"நெருப்புல சுட்ட வாளக் கருவாடு. கேவுரு கூழோட. அது இருந்தா அவருக்கு வேற எதுவும் வோணாம்."

"கருவாடா? நம்ம வூட்ல கருவாடே செய்ய மாட்டோமே?"

"ஆமா. செய்ய மாட்டோம்," என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எட்டு வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். அன்று அம்மா அடுப்பில் கருவாடு சுட்டாள். அந்த வாடைக்குக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். நைனா கழனியிலிருந்து வந்தவர், கை கால்கூடக் கழுவாமல் சட்டியோடு அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் எறிந்தார். "இனிமே இந்த வூட்ல கருவாடு வோணாம்" என்றார். காமாலை ஒரு மாதத்தில் போனது. அந்த வாடை மேல் இருந்த குமட்டல் போகவில்லை. ரத்தினத்துக்கு அப்போது மூன்று வயது. அதனால் அவன் வளர்ந்ததே கருவாடு இல்லாத வீட்டில்தான்.

"அப்ப நைனா கருவாடு துன்றதையே வுட்டுட்டாரா?"

"எங்க வுட்டாரு? சூளூர்பேட்டை போற அன்னிக்கு வாங்கிகினு வந்து, கழனியில மோட்டார் கொட்டாய் பக்கத்துல பனையோலை கொளுத்திச் சுடுவாரு. நான் கூழு எடுத்துகினு போவேன். துன்னுட்டு, மண்ணு போட்டுக் கையைத் தேச்சி, சீயக்காய் போட்டுத் தலையோட முழுகிட்டுத்தான் வூட்டுக்கு வருவாரு. பாப்பாக்கு வாசனை வரக்கூடாதுன்னு."

என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

5

அம்மா சொன்னதில் அந்த முழுகுதல்தான் என்னைக் குத்தியது.

பதினைந்து வயதில் என்னைத் திருப்பதியில் ஹாஸ்டலில் சேர்த்தார். அங்கே தெலுங்குப் பெண்களுக்கு நான் 'அரவ' பொண்ணு, தமிழச்சி. லீவுக்குச் சென்னைச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் அங்கே நான் 'கொல்டி', தெலுங்குக்காரி. இரண்டு பக்கமும் மூக்கைச் சுளிக்கிறவர்கள் நடுவில் நான் சுத்தமாக இருக்க வேண்டுமென்று ஒரு வெறியோடு இருந்தேன். ஒரு நாள் நைனா பார்க்க வந்தார். காளாஸ்திரி வழியாக இரண்டு பஸ் மாறி, கையில் நுங்குப் பொதியோடு. பக்கத்தில் வந்ததும் அந்த வாடை. என் அறைத் தோழிகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினார்கள்.

"சீ! ஏன் நைனா இப்பிடி நாறிக்கினு வர?" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன்.

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "பஸ்ஸுல மீன் கூடைக்காரம்மா பக்கத்துல ஒக்காந்துகினு வந்துச்சி பாப்பா. அந்த வாசனைதான்" என்றார்.

அந்தக் கூடைக்காரியை நான் முழுசாக நம்பினேன். பல வருஷம் அவளைத் திட்டியும் இருக்கிறேன். அதற்கப்புறம் ஹாஸ்டலுக்கு வரும்போதெல்லாம் நைனா ஈரத் தலையோடு வருவார். பஸ் ஸ்டாண்டில் குளித்துவிட்டு வருகிறார் போலும் என்று நினைத்தேன். ஏன் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

"நான் கல்யாணம் ஆகி இங்க வந்தப்பறமாவது வூட்ல துன்னாரா?" என்று அம்மாவைக் கேட்டேன். பதினாறு வருஷத்தில் நான் ஊருக்குப் போனது ஐந்து முறை. அதிலும் அனுவுக்குக் கொசு கடிக்கிறதென்று ஒரு முறை பாதியில் திரும்பிவிட்டேன்.

"நான் சொன்னேன். புள்ளதான் இல்லியே, இங்கியே சுட்டுத் தரேன்னு. 'செவுத்துல வாசன ஏறிக்கும், பாப்பா லீவுல வந்தா எப்படிப் படுக்கும்'னாரு."

 அம்மா நிறுத்தவில்லை. வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருந்தது, இப்போது அவளாலும் நிறுத்த முடியவில்லை போல.

"கடைசியில படுத்துகினு இருந்தாரே, எது குடுத்தாலும் துப்பிடுவாரு. நாக்குக்கு ருசியே இல்லன்னாரு. வாள சுட்டுத் தரட்டுமான்னு கேட்டேன். கண்ணைத் தொறந்து பாத்தாரு. ஆசையாத்தான் பாத்தாரு. அப்பறம் வோணாம்னுட்டாரு. 'பாப்பா வரும்'னாரு."

நான் போகவில்லை. பாஸ்போர்ட் என்று சொன்னேன். அவர் நோயில் கிடந்தது ஏழு வாரம். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனது கடைசி இரண்டு வாரம் மட்டும்தான்.

6

ரத்தினத்திடம் சொன்னேன். இலையில் கருவாடும் கூழும் வை, வேறு எதுவும் வேண்டாம் என்றேன்.

"கருவாடா? அக்கா, பார்ட்டி ஆளுங்க வராங்க, சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க. வூடெல்லாம் மூடி ஏசி போட்டுகீது. நாறும்க்கா."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இந்த வார்த்தையை எங்கள் குடும்பத்தில் முதலில் சொன்னவள் நான்.

தெவசத்தன்று வீடியோவில் காட்டினான். கோட்டுப் போட்ட படத்துக்கு முன்னால் பிரியாணி, பக்கத்தில் பிராந்தி பாட்டில், மூடி திறந்து வைத்திருந்தது. விருந்தாளிகள் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். யாரோ ஒருவர் அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார். அம்மா மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை அணைத்தேன்.

அதற்கு முதல் நாளே யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போயிருந்தேன். பதினோரு வருஷமாக அங்கேதான் அரிசி வாங்குகிறேன். கருவாடு வைத்திருக்கும் அலமாரிப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன் என்பது அவருக்குத் தெரியும்.

"என்னக்கா, நீங்கள் கருவாடு வாங்குறியளோ? ஆருக்கு?"

"எங்க அப்பாவுக்கு" என்றேன்.

"ஊரிலயிருந்து வந்திருக்கிறாரோ? நல்லது. நல்ல வாளை கிடக்கு, கொண்டுபோங்கோ. அப்பாட்டச் சொல்லுங்கோ, கடைக்கும் ஒருக்கா வரச் சொல்லி."

சரி என்றேன்.

போனை அணைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினேன், கட்டி தட்டியது. ஃபிரீசரில் இருந்த வாழையிலையைக் கழுவிப் போட்டேன். கேஸ் கிடையாது, மின்சார அடுப்புதான். அதனால் இரும்புத் தட்டில் கருவாட்டை வைத்துக் கருக விட்டேன். புகை எழுந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அதே வாடை, அதே குமட்டல். ஒரு துளிகூடக் குறைந்திருக்கவில்லை. மனசு மாறினால் மூக்கும் மாறிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் மாறாது.

அனு அறைக் கதவைத் திறந்தாள். ஸ்வெட்டரைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டாள்.

"சீ! அம்மா, என்ன இப்படி நாறுது!"

நான் ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொடுத்த தமிழில் பாதி அவளுக்கு மறந்துபோயிற்று. தாத்தா என்ற சொல்லே நாக்கில் வராமல் ஜெர்மனில் 'இந்தியா ஓப்பா' என்பாள். அந்தச் 'சீ' மட்டும் எங்கேயிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது?

நைனாவாக இருந்தால் அந்த நிமிஷமே தட்டோடு வெளியே கொண்டுபோய் எறிந்திருப்பார். என் கையும் ஜன்னல் பிடி வரைக்கும் போனது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை, எறியவும் இல்லை. அவர் அளவுக்கு நான் நல்லவளில்லை. "ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கோ, தாத்தா சாப்பிடட்டும்" என்றேன்.

கும்பிட்டு முடித்துக் காத்திருந்தேன். படைத்ததை வீட்டில் இருக்கிறவர்கள் சாப்பிட வேண்டும். ஒரு துண்டை வாயில் வைத்தேன்.  குளியலறைக்கு ஓடினேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, கூழைக் குடித்துக் குடித்து, அந்தக் கருவாட்டை முள் வரைக்கும் தின்று முடித்தேன்.

7

நேற்று அனுவை உட்கார வைத்துப் பதில் கடிதம் எழுதச் சொன்னேன். நான் எழுதினால் பிழை வரும்.

"நாற்றத்துக்குக் காரணம்னு கேட்டிருக்கு. என்ன எழுத?"

"என் அப்பா சாப்பிட வந்திருந்தார்னு எழுது."

அவள் பேனாவோடு நிமிர்ந்தாள். "தாத்தா செத்துப்போயிட்டாரே."

அப்போதுதான் அவள் வாயில் முதல்முறையாகத் தாத்தா என்று வந்தது. நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அம்மா சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன், பனையோலை, சீயக்காய், சுவர், எல்லாவற்றையும். ஹாஸ்டலில் நான் சொன்னதையும் மறைக்கவில்லை.  சொல்லி முடித்ததும் அவள் குனிந்து அந்த வரியை எழுதினாள். பிறகு அடுத்ததைப் படித்தாள்.

"மீண்டும் நிகழாமல் இருக்க எடுக்கும் நடவடிக்கை."

"எழுது," என்றேன். "அந்த நடவடிக்கையை அவரே முப்பத்துநாலு வருஷம் எடுத்தார். இனிமேல் யாரும் எடுப்பதாக இல்லை."